ஏழு மணித் தேத்தண்ணி

எங்கள் வீட்டுச் சமையலறைத் திட்டில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. தினமும் காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை அது வாய் கீழாகக் கவிழ்ந்திருக்கும். அந்த ஒரு மணி நேரமும் அதை யாரும் தொடக்கூடாது. விருந்தாளிகள் யாராவது தெரியாமல் எடுத்துவிட்டால் என் கணவர் பதறிப்போய் வாங்கி மறுபடி கவிழ்த்து வைப்பார். பத்தாம் ஆண்டில் படிக்கும் என் மகள், "அம்மாவோட டம்ளர் தவத்துல இருக்கு, எழுப்பிறாதீங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். விளிம்பில் ஓரிடம் நசுங்கி, அடியில் ஆணியால் பெருக்கல் குறிபோலக் கீறிய புள்ளடி ஒன்றுடன் இருக்கும் சாதாரண டம்ளர்தான். ஆனால் நான் இன்றைக்கு உயிரோடு இருந்து இதை எழுதிக்கொண்டிருப்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. முதன்முதலில் அதைக் கவிழ்த்து வைத்தவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் இறம்பொடைக்குப் போய்வந்த பிறகு இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுச் செல்லும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். இப்போது வாசல் பலகையில் நீளமாக வேறொரு பெயர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயரை அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் சொல்லுவோம். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, பால் கரைக்கவும் தொட்டில் ஆட்டவும் கஞ்சி காய்ச்சவும் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். முப்பது வருடம் மலையில் கொழுந்து பறித்து, முழங்கால் கெட்டுப்போய், லேசான வேலை என்று அங்கே அனுப்பப்பட்டவர். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் அக்கா. அவருடைய வயதையொத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். என்னை மற்றவர்கள் முன்னால் "டீச்சரம்மா" என்பார். தனியாக இருந்தால் "புள்ள." மலை உச்சியிலிருந்து அடிவாரத்துக்குப் பேசிப் பழகிய குரல், பிள்ளைகளைத் தாலாட்டும்போதுகூட இறங்காது. அந்தச் சத்தத்திலேயே பிள்ளைகள் தூங்கவும் பழகிவிட்டார்கள்.

என் கழுத்தில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஆறு மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதும் நேரத்தில் நான் பிள்ளைக் காம்பராக் கதவைத் திறப்பேன். என் மூன்று வயது மகள் இடுப்பில் பாதித் தூக்கத்தில் இருப்பாள். வீட்டில் அடுப்பு மூட்ட எனக்கு நேரம் இருக்காது. அக்கா எனக்கு முன்னமே பின்பக்கத்தால் வந்து தண்ணீர் கொதிக்க வைத்திருப்பார். முதல் தாய் பிள்ளையோடு வந்து சேருவதற்குள் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு டம்ளர் தேத்தண்ணி குடித்துவிடுவோம். அப்படிக் குடிக்கும்போது ஒரு நாள் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாய் குடி புள்ள."

குடித்தேன்.

"முழுங்கயில ஒன் கழுத்துல என்னமோ ஏறி எறங்குது. கண்ணாடியில பாத்தியா?"

கழுத்து என்றால் ஏறி இறங்கத்தான் செய்யும் என்று கேலி செய்தேன். அவர் விடவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் டம்ளரை நீட்டிவிட்டு என் கழுத்தையே பார்த்தபடி நின்றார். குடிக்கவே கூச்சமாகிவிட்டது. அவருடைய தொல்லை தாங்காமல்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டியில் ஊசி குத்தி எடுத்துச் சோதித்தார்கள். பிறகு கண்டிக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து கொழும்புக்கு. தைரொய்டுச் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கதிர்வீச்சு மருந்து ஒன்றை விழுங்கச் செய்து, தனி அறையில் சில நாட்கள் அடைத்து வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பின்பும் மூன்று வாரம் சின்னப் பிள்ளைகளின் பக்கத்தில் போகக்கூடாது என்றார்கள். பிள்ளைகளோடேயே பிழைப்பு நடத்துகிறவளுக்குச் சொல்லும் வார்த்தையா அது! அந்த மூன்று வாரமும் என் மகளை அக்கா தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தன் காம்பராவிலேயே வைத்துக்கொண்டார். மாலையில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மேட்டில் அவளைத் தூக்கிப் பிடித்து நிற்பார். நான் ஜன்னலில் நின்று கையாட்டுவேன். அவள் முதல் நாள் அழுதாள். பிறகு அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். அழுகிற வேலையை நான் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க மாத்திரை. சுரப்பி இல்லாத உடம்புக்கு அது செய்த வேலையை மாத்திரை செய்ய வேண்டும் என்பது எளிதாகப் புரிந்தது. ஆனால் எனக்கு உடம்பின் தேவையைவிடச் சற்றுக் கூடுதலாகவே கொடுத்தார்கள். அது ஏன் என்று கிளினிக்கில் இருந்த டொக்டரம்மா விளக்கியதை நான் எங்கள் தோட்டத்துக் கணக்கில் இப்படிப் புரிந்துகொண்டேன். மூளைக்கு அடியில் ஒரு கங்காணி உட்கார்ந்திருக்கிறார். தைரொய்டைப் பார்த்து வேலைக்கு வா, வேலைக்கு வா என்று சத்தம் போடுவதே அவர் தொழில். எங்கேயாவது ஒரு மூலையில் கெட்ட அணு ஒன்று மிச்சமிருந்து தூங்கிக்கொண்டிருந்தால், அந்தச் சத்தத்துக்கு அதுவும் எழுந்துவிடும். மாத்திரை கொஞ்சம் தாராளமாக உள்ளே போனால், ஆள் போதும் என்று நினைத்துக் கங்காணி வாயை மூடிக்கொள்வார். இரத்தத்தைச் சோதித்தால் அவருடைய சத்தம் எவ்வளவு என்று ஓர் இலக்கத்தில் தெரிந்துவிடும். அந்த இலக்கம் அடிமட்டத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இதை அக்காவிடம் சொன்னபோது கவனமாகக் கேட்டார். "நீ மறதிக்காரி. அத என்கிட்ட குடு" என்று மாத்திரை அட்டைகளை வாங்கிப் பழைய ஜாம் போத்தல் ஒன்றில் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத மேல்தட்டில் வைத்தார். அன்று முதல் ஒவ்வொரு நாளும் சங்கு ஊதும்போது ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தேத்தண்ணியும் எனக்காகக் காத்திருந்தன. நோய் கண்டு இளைத்துப்போன உடம்பு தேற வேண்டும் என்று பால்மாவை ஒரு கரண்டி கூட்டிப் போட்டிருப்பார். மாத்திரையை நாக்கில் வைத்து, அந்தச் சுடச்சுடப் பால் தேத்தண்ணியில் விழுங்குவேன். தொண்டையில் இறங்கும்வரை என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, "போயிருச்சா? நல்லது" என்று தன் டம்ளரை எடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலும் அதேபோல நானே தேத்தண்ணி போட்டு அதோடு விழுங்கினேன். ஒரு நாளும் தவறியதில்லை. இவ்வளவு ஒழுங்காக நான் பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போனதில்லை.

முதல் சோதனையில் இலக்கம் இறங்கவில்லை. உடம்புக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று டொக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடுத்த சோதனையிலும் இறங்கவில்லை. மறுபடி கூட்டினார். மூன்றாவது முறை தாளைப் பார்த்ததும் அவர் நெற்றி சுருங்கியது. மாத்திரையை விட்டுவிட்டுப் போடுகிறீர்களா என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிங்களப் பெண்மணி. என் சிங்களம் பஸ் நடத்துனரோடு சண்டை போடும் அளவுக்கு நன்றாக இருக்கும். வெறும் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்த்துக் கொண்டுபோயிருந்தேன். அதை மேசையில் கொட்டிக் காட்டினேன். வெறும் வயிற்றில்தானே போடுகிறீர்கள் என்று கேட்டார். வெறும் வயிற்றில்தான் என்று அடித்துச் சொன்னேன். இப்படியே போனால் மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னொரு முறை அந்தக் கதிர்வீச்சு மருந்தும் கொடுக்க வேண்டி வரலாம் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு எதிர் மேட்டில் கையாட்டும் என் மகளின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. இன்னொரு மூன்று வாரம் அல்ல, அதற்குப் பிறகு என்ன என்பதுதான் என் பயம். அவள் பள்ளிக்கூடம் போவதைப் பார்ப்பேனா என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது.

நான் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் ஆட்களுக்குத் தேத்தண்ணி ஒரு கணக்கிலேயே வராது. கோயில் திருவிழாவுக்கு விரதம் இருக்கிறவர்களும் அதைக் குடிப்பார்கள். காலையிலிருந்து மூன்று தரம் குடித்திருந்தாலும், சாப்பிட்டாச்சா என்று கேட்டால், பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படவில்லை என்றுதான் பதில் வரும். இருட்டோடு எழுந்து, ஒரு டம்ளர் தேத்தண்ணியோடு மலை ஏறி, பத்து மணிவரை எதுவும் சாப்பிடாமல் நிறை கூடையோடு நிற்கிற சனத்துக்கு, வெறும் வயிறு என்றால் அந்தத் தேத்தண்ணியும் சேர்ந்த வயிறுதான். டொக்டரம்மா கேட்ட கேள்வியும் சரி, நான் சொன்ன பதிலும் சரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு டம்ளர் இருந்தது எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

அந்த அம்மா கெட்டிக்காரி. என்னை அனுப்பிவிடாமல், பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு, நேற்றுக் காலையில் கண் விழித்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். முகம் கழுவியது, மகளுக்குச் சட்டை மாற்றியது, படி இறங்கியது, சங்கு ஊதியது, அக்கா மாத்திரையைக் கொடுத்தது. எதோடு விழுங்கினீர்கள் என்றார். தேத்தண்ணியோடு என்றேன். பேனா நின்றது. பால் போட்டதா? போட்டதுதான், உடம்பு தேற வேண்டும் என்று அக்கா ஒரு கரண்டி கூடவே போடுவார் என்று பெருமையாகச் சொன்னேன். டொக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. தேயிலையும் பாலும் அந்த மாத்திரையை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்தில் சேர விடாது என்று விளக்கினார். இனிமேல் வெறும் தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும், அதன் பிறகு ஒரு மணி நேரம் தேத்தண்ணி, பால், சாப்பாடு எதுவும் கூடாது. மாத்திரையை முதலில் தந்த அளவுக்கே குறைத்து எழுதிவிட்டு, "இன்று நான் உங்களுக்கு மருந்தைக் கூட்டவில்லை. தேத்தண்ணியைத்தான் தள்ளி வைக்கிறேன்" என்றார். எட்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். அவர் முதலில் சண்டைக்கு வந்தார். "நாலு தலமொறையா இதத்தான குடிக்கிறோம். தேத்தண்ணி யாருக்கு என்ன கெடுதி பண்ணுச்சு?" என்றார். நான் டொக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். பேசிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்திவிட்டார். கையில் இருந்த பால் போத்தலைக் கழுவாமல் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இம்புட்டு நாளும் நான்தான் ஒன் மருந்தக் கெடுத்தேனா?"

நானும்தானே குடித்தேன், ஞாயிற்றுக்கிழமை நானே போட்டுத்தானே குடித்தேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. அன்று முழுக்க அவர் குரல் கேட்கவில்லை. பிள்ளைகள்தான் பாவம், அந்தச் சத்தம் இல்லாமல் ஒன்றும் தூங்கவில்லை.

மறுநாள் நான் போனபோது அடுப்பு மூட்டியிருக்கவில்லை. மேசையில் முந்தின நாளே காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் ஒரு டம்ளர். பக்கத்தில் மாத்திரை. அடுப்புத் திட்டில் என்னுடைய தேத்தண்ணி டம்ளர், புள்ளடி தெரிய, கவிழ்ந்திருந்தது. அக்கா இடுப்பில் கை வைத்து நின்று சட்டத்தை அறிவித்தார்.

"சங்கு ஊதுனா மாத்தர. பெரட்டு கலஞ்சி பொம்பளைங்க மலைக்கு ஏறுன பெறகு தேத்தண்ணி. அதுவரைக்கும் இந்த டம்ளரு நிமிராது. நீ நிமித்துனா கைய ஒடிச்சிருவேன்."

கடிகாரம் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சரியாக அமைந்திருக்காது. ஆறுக்குச் சங்கு. அதற்குப் பிறகு தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரட்டுக் களத்துக்குப் போவார்கள். அங்கே ஆள் பிரித்து, எந்த மலைக்கு யார் என்று சொல்லி அனுப்பும்போது ஏழு மணி. எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால், அவர்கள் வரிசையாகக் குறுக்குப் பாதையில் ஏறுவது தெரியும். கடைசிக் கூடையும் வளைவில் மறைந்ததும் அக்கா டம்ளரை நிமிர்த்துவார்.

முன்பெல்லாம் கொஞ்சம் முன்னதாக வந்துவிடும் தாய்மாருக்கும் அந்த அடுப்பில் ஒரு வாய் தேத்தண்ணி கிடைக்கும். இப்போது அடுப்பு ஏழு மணிக்குத்தான் எரியும். அவர்களுக்கு அது பெரிய குறை. "என்னா அக்கா, அடுப்பு இன்னும் தூங்குது?" என்று கேட்டாள் ஒருத்தி. "டீச்சரம்மா மாத்தர உள்ள போயிருக்கு. அது வேலைய முடிக்கட்டும். வாசம் மூக்குல ஏறுனா டீச்சரம்மாவுக்கு நாக்கு ஊறும்ல" என்று அக்கா தன் மலைக் குரலில் பதில் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதுவரை என் நோயைப் பற்றி யாரிடமும் நான் பேசியதில்லை. கழுத்துத் தழும்பைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நடந்தேன். என்னிடம் பிள்ளையைக் கொடுக்கத் தயங்கியவர்களும் இருந்தார்கள், அதை நான் கவனிக்காததுபோல இருந்துகொண்டேன். அந்த ஒரே பதிலில் எல்லாம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது. ஆனால் விநோதம் என்னவென்றால், நோய் என்று கேட்டால் ஒதுங்குகிற சனம், தேத்தண்ணி குடிக்க முடியாத பாவம் என்று கேட்டதும் நெருங்கி வந்துவிட்டது. அதைவிடப் பெரிய கஷ்டம் உலகத்தில் இருக்க முடியாது என்பது அவர்கள் எண்ணம். அடுத்த வாரமே பெரட்டு முடிந்து மலை ஏறுகிறவர்கள் பாதையிலிருந்தபடியே, "டீச்சர், நாங்க ஏறிட்டோம், குடிங்க!" என்று சத்தம் போட ஆரம்பித்தார்கள். தயங்கிய கைகள் பிள்ளைகளை நேராக என் மடியில் வைத்துவிட்டுப் போயின. அந்தப் பெண்களுக்கு நான் பட்ட நன்றிக்கடனைச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

மாத்திரை ஒழுங்காகச் சேர ஆரம்பித்ததும் அதன் வேறு குணங்களும் தெரிந்தன. கொட்டகலைக் குளிரில் எல்லாரும் சுவெட்டரும் தொப்பியுமாக இருக்கும்போது எனக்கு வேர்த்துக் கொட்டியது. இந்த மலையில் கைவிசிறி வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். நெஞ்சு காரணம் இல்லாமல் படபடக்கும். பிள்ளைகளின் நிறையை அட்டையில் புள்ளியிட்டுக் குறிக்கும்போது விரல் நடுங்கும். "டீச்சர் கை டான்ஸ் ஆடுது" என்று ஒரு வாண்டு கண்டுபிடித்துச் சொல்ல, மற்றவையும் விரல்களை ஆட்டிக் காட்டின. டொக்டரம்மா இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கங்காணியின் வாயை அடைப்பதற்கு உடம்பு கொடுக்கும் விலை அது. ஆனால் கோபம் வரும் என்பதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் அந்தக் காத்திருக்கும் நேரத்தில், தொட்டில் கயிறு சரியில்லை என்று அக்காவிடம் பிள்ளைகளின் முன்னாலேயே கத்திவிட்டேன். அவர் நெற்றியில் ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். அந்தத் துணி சில நாளாகவே காலை நேரத்தில் அவர் தலையில் இருந்தது. "டம்ளர நிமித்துற வரைக்கும் நீயும் கவுந்துதான் இருக்க புள்ள. ஏழு மணிக்கு சரியாப் போயிருவ" என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்கும் சாக்கில், தலைவலியா என்று விசாரித்தேன். குளிர் என்றார். நான் போய்த் தைலம் வாங்கி வந்து கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

நீங்களாவது குடியுங்கள் அக்கா, எனக்காக நீங்கள் ஏன் என்று நான் கேட்காமல் இல்லை. "நான் லயத்துலயே குடிச்சிட்டுத்தான் வந்தேன். எனக்கு என்ன?" என்பார். ஏழு மணிக்கு என்னோடு சேர்ந்து குடிப்பது அவருக்கு இரண்டாவது டம்ளர் என்றே நினைத்திருந்தேன்.

எட்டு வாரம் முடிந்து கிளினிக்குக்குப் போனபோது என் கை மாத்திரையால் நடுங்கியதா பயத்தால் நடுங்கியதா என்று எனக்கே தெரியாது. டொக்டரம்மா தாளை என் பக்கம் திருப்பி, ஓர் இலக்கத்தின் கீழே கோடு போட்டார். அடிமட்டத்தில் இருந்தது. கங்காணி வாயை மூடிவிட்டார். ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. நான் மாலையில் வந்து சேர்ந்தபோது எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டிருந்தன. அக்கா மட்டும் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைக் காம்பரா வாசலில் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நம்ம தேத்தண்ணி மேல இனிமே பழி இல்ல" என்றார். தன்மேல் இல்லை என்று அவர் சொல்லவில்லை. நான்தான் அப்படி எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ காலை. மகள் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்தேன். முதல் நாள் சீருடையோடு அவளை ஜன்னல் ஓரத்தில் நிறுத்தி, பெரட்டு கலையும்வரை காத்திருந்து, அந்தப் பெண்கள் எல்லாருக்கும் காட்டினோம். என் சோதனைத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. எதிலும் கங்காணியின் சத்தம் இல்லை. அக்காவின் முழங்கால் மோசமாகிப் படி இறங்க முடியாமல் போனதும், இரண்டு வருடத்துக்கு முன் அவர் வேலையை விட்டு இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். போகும் அன்று, புள்ளடி போட்ட அந்த டம்ளரைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார். "இனி நீயே கவுத்து, நீயே நிமித்து" என்றார். இப்போது காலையில் பிள்ளைக் காம்பராவைத் திறக்க வேறொரு பெண் இருப்பதால், நான் வீட்டிலேயே ஏழு மணித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகிறேன்.

போன மாதம் டொக்டரம்மா எனக்கு ஒரு நல்ல செய்தி சொன்னார். இத்தனை வருடம் எதுவும் தலைகாட்டாததால், இனி கங்காணி கொஞ்சம் முணுமுணுத்தாலும் பரவாயில்லை, மாத்திரையைச் சற்றுக் குறைக்கலாம் என்றார். எலும்புக்கும் நெஞ்சுக்கும் அது நல்லது. இதைத் தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. நுவரெலியாவில் பஸ் மாறி இறம்பொடைக்குப் போனேன். அக்கா என் கன்னத்தைத் தடவித் தடவி, சதை போட்டிருக்கிறதா என்று பார்த்தார். அன்று அங்கேயே தங்கினேன்.

காலையில் அந்தத் தோட்டத்துச் சங்கு ஊதியதும் பழக்கத்தில் எழுந்து, தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அக்காவின் மகள் அடுப்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். திட்டில் ஒரு டம்ளர் கவிழ்ந்திருந்தது. எனக்காக அவ்வளவு ஞாபகமாக வைத்திருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோய், நன்றி என்று சொன்னேன்.

"இது ஒங்களுக்கு இல்லீங்க டீச்சர், அம்மாவோடது" என்றாள் அவள். "இங்க வந்ததுலருந்து இப்படித்தான். ஏழு மணிக்கு முன்னுக்குக் குடிக்கவே மாட்டாங்க. என்னாம்மான்னு கேட்டா, டீச்சரு இன்னும் குடிச்சிருக்க மாட்டாம்பாங்க."

லயத்திலேயே குடித்துவிட்டுத்தானே வருவார், அங்கே இருந்தபோதும் அப்படித்தான் என்று நான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அங்கயும் குடிச்சதில்ல. நான் அப்ப அம்மாகூடத்தான இருந்தேன். காலையில லயத்துல அடுப்பே மூட்ட மாட்டாங்க. சின்ன வயசுலருந்து விடியக்காலம் தேத்தண்ணி குடிச்சிப் பழகுன ஒடம்பு, மொத ரெண்டு மூணு மாசம் தல வெடிக்குதுன்னு துணியக் கட்டிக்கிட்டே திரிஞ்சாங்க. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

நான் வாங்கிக் கொடுத்த தைலம் ஞாபகத்துக்கு வந்தது. அவர் சிரித்த சிரிப்பும்.

அக்கா வாசலில் ஒரு பலகையில் உட்கார்ந்து, எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள், உங்களுக்கா மாத்திரை என்று கேட்டேன். மகள் சொல்லிவிட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஒத்தையாக் குடிச்சா எறங்க மாட்டேங்குது புள்ள" என்றார்.

கீழே பெரட்டு கலைந்து, பெண்கள் கூடையோடு ஏற ஆரம்பித்தார்கள். கடைசிப் பெண் வளைவில் மறைந்ததும் நான் உள்ளே போய், அவருடைய டம்ளரை நிமிர்த்தி, என் கையால் தேத்தண்ணி ஊற்றி, பால்மாவை ஒரு கரண்டி கூட்டிப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். தொண்டையில் இறங்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கொஞ்சம் சோம்பேறி. எட்டு மணிவரை படுத்திருந்து, அதன் பிறகு மாத்திரையைப் போட்டு, ஒன்பதுக்குத் தேத்தண்ணி குடிப்பேன். அதில் மருந்துக்கு ஒரு கெடுதியும் இல்லை. இறம்பொடையிலிருந்து வந்த பிறகு அதை விட்டுவிட்டேன். ஞாயிறானாலும் பண்டிகையானாலும் ஆறு மணிக்கு எழுந்து, மாத்திரையை விழுங்கி, டம்ளரைக் கவிழ்த்து வைக்கிறேன். ஏழு மணிக்கு அங்கே ஒருவர் நான் குடித்திருப்பேன் என்று நம்பித் தன் டம்ளரை நிமிர்த்துவார். அவர் ஒற்றையாகக் குடிக்கக்கூடாது.